நிலைக்காலடியில் கொங்காணிப்பூ

கொடைக்கானலுக்கு மேலே, பஸ் அதற்கப்பால் போக வழியில்லாமல் திரும்பி நிற்கும் பாசிக்கோம்பையில், வேலப்ப மன்னாடி வீட்டு நிலைக்காலடியில் அந்தப் பூ முளைத்த ஆனி மாதத்து வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுச் சுருளி, வயிற்றுப் புண்ணால் மோர்க்கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடாத சுருளி, நாட்டுக்கோழிக் குழம்பு வாசத்தோடு ஒரு ஏப்பம் விட்டான். அவன் பெண்டாட்டி மாரக்காள் அவன் வாயை முகர்ந்தாள், விரலை முகர்ந்தாள், எனக்குத் தெரியாமல் எவள் உனக்குக் கோழி அடித்துப் போட்டாள் என்று கேட்டாள். அவன் குலசாமி மேல் சத்தியம் செய்தான், சத்தியம் செய்து முடிப்பதற்குள் இன்னொரு ஏப்பம் வந்தது, அதில் ஈரல் வாசம் இருந்தது. இருவரும் சண்டை போட்டபடியே வெளியே வந்தபோதுதான், மன்னாடி வீட்டு வாசற்படியில் அவருடைய மகளின் புருஷன் தவசி கோழிக்குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருப்பதையும், அவன் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் தன் புருஷனின் தொண்டை ஏறி இறங்குவதையும் மாரக்காள் பார்த்தாள். விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் போய்விட்டது. இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மன்னாடி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு மாட்டைக் கட்டப் போனாள்.

அதை முதலில் யாரும் பூ என்று நினைக்கவில்லை. இலை பெரணி இலைபோல விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக இருந்ததால் பெரணி என்று விட்டுவிட்டோம், அப்புறம் நடுவிலிருந்து மயிர் படர்ந்த ஒரு தண்டு எழும்பி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையாக ஊதாவும் சிவப்பும் கலந்து பூத்தபோதுதான் பெரணி பூக்காதே என்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பூவும் தலைக்கு மேல் ஒரு மடிப்பைக் கவிழ்த்துக்கொண்டு, மழைச்சாரலில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு பூண்டுக் காட்டில் களையெடுக்கிற பொம்பளை மாதிரி முன்னால் குனிந்து நின்றது. அதனால் அதற்குக் கொங்காணிப்பூ என்று பேர் வைத்தோம். மேலே சோலையோரத்துப் புல்மேட்டில் இது எப்போதும் உண்டு என்று சிலர் சொன்னார்கள், பிறந்ததிலிருந்து மாடு மேய்க்கிறோம், கண்ணால் கண்டதில்லை என்று சிலர் சொன்னார்கள், இரண்டு தரப்பும் சொன்னதை நிரூபிக்க மேலே ஏறிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போது நல்ல மழை.

அடுத்த அமாவாசைக்குள் பூ நிலைக்காலடியிலிருந்து சுவரடி சுவரடியாகத் தெரு முழுக்கப் படர்ந்தது, அது படர்ந்த வீட்டிலெல்லாம் ஒருவர் சாப்பிட்டால் அதில் பாதி பக்கத்து வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் ஒன்றும் ஆடிப்போய்விடவில்லை. பஸ்ஸே இல்லாத காலத்தில் இந்த மலையில் குடித்தனம் நடத்தியவர்கள், எது வந்தாலும் அதற்குத் தக்கபடி அடுப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரன் அல்வா தின்றால் சண்டைக்குப் போனார்கள், கிருத்திகை விரதம் இருக்கிறவர்கள் முதல் நாளே பக்கத்து வீட்டில் சொல்லி அவர்களையும் பட்டினி போட்டார்கள், சாராயம் தொடாத கோயில் பூசாரி தன் பக்கத்து வீட்டு மாசானம் குடித்த இரவுக்கு மறுநாள் தீபாராதனைத் தட்டோடு கொடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், அதை முருகன் அருள் என்று வெளியூர்க்காரர்கள் கும்பிட்டுப் போனார்கள். கருவாடு பிடிக்காதவர்களுக்குக் கருவாடு பழகியது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் பக்கத்து வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று விசாரித்தார்கள். டீக்கடைப் பாண்டியம்மா, சரக்கு விற்காமலே தெருவெல்லாம் டீ குடிக்கிறது என்று முனகினாள், ஆனால் அவள் கடைக்கு எதிர் வீட்டில் தினமும் கறி என்பதால் முனகலை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தவசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அந்த நிலைக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசிக்கோம்பையில் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. காடும் வீடும் வேற்று ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, வீட்டின் ஒரே மகளுக்கு அந்த வீட்டு வாசல் நிலையையே மாப்பிள்ளையாக வைத்து, மேளம் அடித்து, நிலையில் ஒரு தாலியும் பெண் கழுத்தில் ஒரு தாலியுமாகக் கட்டிவிடுவோம். பிறகு அவளுக்குப் பிடித்த ஆளோடு அவள் குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம், ஊர் கேட்காது. ஆனால் ஊர்க் கணக்கில் புருஷன் நிலைதான். அவள் அந்த நிலையைத் தாண்டி வெளியூரில் குடியிருக்கப் போனால் வீடும் காடும் ஊர்ப் பொதுவாகிவிடும். மன்னாடியின் மகள் ராசாமணிக்கு அப்படித்தான் நிலைக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசும்போது வண்டு துளைத்த ஓட்டையில் கொஞ்சம் உள்ளே போய்விட்டது, மற்றபடி குறையொன்றும் இல்லை.

நிலை நல்ல புருஷன்தான், குடிக்காது, அடிக்காது, இருந்தாலும் ராசாமணிக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. பூண்டு மூட்டைகளோடு சந்தைக்கு இறங்கிய ஒரு நாள், மினி லாரி ஓட்டி வந்த தவசியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டே போனாள், திரும்பும்போதும் பேச்சு முடியவில்லை, அப்புறம் பேச்சு முடியவே வேண்டாம் என்று இருவரும் முடிவுசெய்துவிட்டார்கள். தவசி கீழ்நாட்டுக்காரன், அப்பா அம்மா இல்லாதவன், லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். மன்னாடி மகளுக்காக அவனை வாவென்றார். ஆனால் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று அழைக்கவில்லை. "அந்தாளு" என்பார், "வண்டிக்காரரு" என்பார், அவன் எதிரே இருந்தால் சுவரைப் பார்த்து, மூட்டை இறக்கினால் தேவலை என்பார். தீபாவளிக்கு மாப்பிள்ளை வேட்டி எடுத்து நிலைக்குத்தான் கட்டினார். மறுநாள் ராசாமணி அதை நிலையிலிருந்து அவிழ்த்துத் துவைத்துத் தவசிக்குக் கொடுத்தாள். அவனும் வருத்தம் இல்லாதவன் மாதிரி கட்டிக்கொண்டான்.

பேர்தான் தவசி, சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுப் பானை பயப்படும். உள்ளே நடுவீட்டில் மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் யாரும் அவனை உட்காரச் சொல்லாததால், வாசற்படிக் கல்லில், நிலைக்காலில் முதுகைச் சாய்த்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்து சாப்பிடுவான், தெருவில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் அந்தத் தட்டு படும். விடியற்காலையிலிருந்து பூண்டுக் காட்டில் பாத்தி கட்டியது யார் கண்ணிலும் பட்டதில்லை. தண்டச்சோறு என்று பேர் எடுத்துவிட்டான். ஆனால் அந்தப் பூ முளைத்த பிறகு அவன் பசி இன்னும் கூடியது, எவ்வளவு தின்றாலும் எழுந்திருக்கும்போது முகத்தில் நிறைவு இருக்காது, தின்ற ஆள் இளைத்துக்கொண்டே வந்தான். மன்னாடியோ, மனைவி இறந்ததிலிருந்து ரெண்டு கவளத்துக்கு மேல் தொண்டையில் இறங்காத மனிதர், அந்த மழைக்காலத்தில் கன்னத்தில் சதை வைத்தார். எல்லாம் நம்ம மண்ணில் விளைந்த பூண்டின் மகிமை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

சங்கடம் எங்கே ஆரம்பித்தது என்றால், எல்லோருக்கும் தாங்கள் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று தோன்ற ஆரம்பித்த இடத்தில். நாம் தின்கிற பாதி வெளியே போவது நன்றாகத் தெரிகிறது, வெளியிலிருந்து வருகிற பாதியை யாரும் கணக்கில் வைப்பதில்லை, அது நம் வயிற்றின் சமர்த்து என்று நினைத்துக்கொள்கிறோம். தெரு முழுக்க இப்படி நினைத்தால் எல்லாவற்றையும் உறிஞ்சுகிறவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே. யார் என்று யோசித்தபோது, எவ்வளவு போட்டாலும் நிறையாத வயிறு ஒன்று எல்லோர் கண் முன்னாலும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அவன் வந்த வருஷம்தானே பூவும் வந்தது, அவன் சாய்கிற நிலைக்காலடியில்தானே முளைத்தது, நம் எல்லோர் சோற்றையும் வேர் வழியாக அவன்தானே உறிஞ்சுகிறான் என்று பேசிக்கொண்டோம். பேசியவர்களில் சுருளியும் உண்டு. அவன் அப்போது பெல்ட்டில் புது ஓட்டை போடும் அளவுக்குத் தொந்தி வைத்திருந்தான்.

மந்தையில் ஊர் கூடியது. பூசாரிதான் முதலில் எழுந்தார், முந்தின நாள் மாசானம் குடிக்காததால் தெளிவாகவே பேசினார். வெள்ளைக்காரன் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வேட்டில் மரம் நம் ஊற்றையெல்லாம் எப்படிக் குடித்தது என்று நம் கண்ணால் பார்த்தோம், இப்போது அதை வெட்டி வெட்டி மாளவில்லை, இந்தச் செடியும் வெளியிலிருந்து வந்ததாக இருந்தால் முளையிலேயே கிள்ள வேண்டும், அதைக் கொண்டுவந்த ஆளும் வந்த இடத்துக்கே போவதுதான் ஊருக்கு நல்லது என்றார். செடியை அறிந்தவர் ஒருவரை வரவழைத்து, இது நம் மலைப் பூவா வெளிப் பூவா, நல்லதா உறிஞ்சுவதா என்று கேட்பது, அவர் சொல்வதன்படி நடப்பது என்று முடிவானது. தீர்ப்பைச் சொல்ல வேண்டியது ஊர்த்தலைவரான மன்னாடி. தன் வீட்டு விவகாரம் என்று தயங்கினால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில், வேறு யார் வீட்டு விவகாரமாக இருந்திருந்தாலும் செய்திருக்கக் கூடிய அளவு யோசனைகூடச் செய்யாமல், ஊர் சொன்னால் சரி என்றுவிட்டார்.

ராசாமணி பொம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். தவசி அவள் புடவை முந்தானையை யாருக்கும் தெரியாமல் இழுத்தான், அவள் உட்காரவில்லை.

"அவரப் போகச் சொல்லிட்டா நான் பின்னாடியே போயிருவேன். ஆனா என்னைய நிலைக்குக் கட்டி வச்சது நீங்கதான அப்பா. நான் போனா வீடு ஊருக்குப் போயிரும், நீங்க எங்க போவீக?" என்று கேட்டாள்.

போனால் அப்பா தெருவுக்கு வருவார், இருந்தால் புருஷன் போய்விடுவான், அவளுடைய கணக்கு இவ்வளவுதான். அது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்தச் சமயம் மேலே புல்மேட்டில் காட்டுப் பூக்களைப் படம் பிடித்து வகை பிரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா என்கிற கல்லூரிப் பேராசிரியை, தினமும் பாண்டியம்மா கடையில் டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவார். அவரையே கையோடு அழைத்து வந்தோம். நல்ல உயரம், மழைக்கோட்டு, கழுத்தில் கயிறு கட்டிய சின்ன பூதக்கண்ணாடி. வாசற்படிக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டு, கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, பூவின் கொங்காணியை ஊசியால் தூக்கிப் பார்த்தார், உள்ளே மடங்கியிருந்த மூக்கைப் பார்த்தார், இலையின் வெட்டுகளைத் தடவினார், தண்டில் மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. இது மேலே இருக்க வேண்டிய பூவாயிற்றே, புல்லை விட்டுப் பிரித்தால் தொட்டியில்கூட வளராதே, இங்கே தெருவில் யாரை நம்பி முளைத்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நடுவில் அவருக்கு ஏப்பம் வந்தது, எதிர் வீட்டில் ரசம். ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். விஷயம் புரிந்தவர் என்று எங்களுக்கு மரியாதை வந்தது.

என்ன செடி என்று பூசாரி அவசரப்படுத்தினார். "ஒட்டுண்ணி வகைதான்" என்று ஜெசிந்தா ஆரம்பித்தார்.

ஆரம்பித்தார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல் விழுந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, மீதியை யார் நின்று கேட்பது. அவர் எழுந்து, இருங்கள், இன்னும் முடிக்கவில்லை, வேரைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, நாளைக் காலையில் நானே தோண்டுகிறேன், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்க மாரக்காள் ஒருத்திதான் நின்றாள், அவளும் மாடு தப்பிவிட்டதால் பாதியில் ஓடினாள். தவசி உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்து வந்தான். ராசாமணி பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள், அப்புறம் அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்றைக்குத் தட்டில் கை வைக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை ஊரில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், உறிஞ்சுகிறவன் போய்விட்டான் என்ற நிம்மதியில் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார்கள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் எல்லோருக்கும் பசித்தது. பானையில் இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டார்கள், மறுபடி பசித்தது. சுருளி மோர்க்கஞ்சியைக் குடித்துவிட்டு ஏப்பத்துக்காகக் காத்திருந்தான், வரவில்லை, வயிற்றைத் தடவிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தான். மாசானம் குடித்தும் பூசாரிக்கு ஏறவில்லை, மாசானத்துக்கும் ஏறவில்லை. மன்னாடி வழக்கம்போல ரெண்டு கவளத்தோடு எழுந்தார், கட்டிலில் படுத்தார், மனைவி போன பிறகு முதல் தடவையாகத் தன் வயிறு காலியாக இருப்பதை உணர்ந்தார். இத்தனை மாதம் ரெண்டு கவளத்தில் எப்படி நடமாடினோம் என்று யோசித்தார். பூண்டின் மகிமை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், அது அவருக்கே நம்பும்படியாக இல்லை.

விடிந்ததும் ஜெசிந்தா ஒரு கொத்துக்கரண்டியும் பெயிண்டு அடிக்கிற தூரிகையும் கொண்டுவந்து நிலைக்காலடியில் உட்கார்ந்தார். பசியில் தூக்கம் கெட்ட ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. மண்ணைத் தோண்டவில்லை, குழந்தை முகத்துத் தூசியைத் துடைப்பதுபோலத் தூரிகையால் தள்ளித் தள்ளி எடுத்தார், வெள்ளை நூலாக வேர்கள் வெளியே வந்தன, நூலின் முனையில் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தன, அந்தப் பொட்டுகளை வைத்துத்தான் பக்கத்து வேரைப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். சுருளி வீட்டுச் சுவரடியிலிருந்து ஒரு நூல் வந்தது, பாண்டியம்மா கடையிலிருந்து ஒன்று வந்தது, கோயில் பக்கமிருந்து நான்கைந்து சேர்ந்து வந்தன, மன்னாடியின் கட்டில் இருக்கிற உள்ளறைப் பக்கமிருந்து ஒன்று, எல்லாவற்றையும்விடத் தடித்தது, வந்தது. எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் வாசற்படிக் கல். கல்லின் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்த ஒரு பள்ளத்துக்கு நேர் கீழே, பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்தன.

"எல்லா வேரும் இங்க வந்துதான் குடிக்குது. இந்த இடத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா.

சுருளிதான், வெட்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "அவருதாங்க" என்றான்.

ஜெசிந்தா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இது முழு ஒட்டுண்ணி அல்ல, அரை ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருக்கிறதே, பாதிச் சோற்றைத் தானே வெயிலில் சமைத்துக்கொள்ளும், மீதிக்குத்தான் பக்கத்து வேரைத் தேடும். பிடித்த வேரைக் கொல்லாது. உயர்ந்து நிற்கிற புல் கொஞ்சம் தணியும், தணிந்த இடத்தில் அதுவரை தலைதூக்க முடியாமல் கிடந்த சின்னப் பூவெல்லாம் எழுந்துவரும். உங்கள் மலைப் பூதான் இது, எங்கிருந்தும் வரவில்லை, நீங்கள் வருவதற்கு முன்னாலேயே இங்கே இருந்தது. கொடுக்கிற வேர் போய்விட்டால் உடனே சாகாது, ஆனால் இனிமேல் பூக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, பிடுங்கட்டுமா என்று கேட்டார். பூசாரி, வேண்டாம், மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள் என்றார், சாரல் விழுந்தால் வேர் நனைந்துவிடும் என்று தன் மேல்துண்டையும் விரித்துப் போட்டார்.

மன்னாடி சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு காலை பஸ்ஸில் போய் உட்கார்ந்தார். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கு அப்புறம் அவர் மலையிறங்கியது அன்றைக்குத்தான். கீழே லாரி நிற்கிற இடத்தில், தார்ப்பாயைச் சுருட்டி அதன்மேல் தவசி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. தனியாகச் சாப்பிட்டு அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மன்னாடி அவனைப் பார்க்காமல் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு, பூண்டு மூட்டை ஏற்ற வேண்டும், வண்டி ஓட்ட ஆளில்லை என்றார். அந்தச் சமயத்தில் ஏற்றுவதற்கு ஊரில் ஒரு மூட்டை பூண்டுகூட இல்லை, அது தவசிக்கும் தெரியும்.

"வாறேன் மாமா. ஆனா யாரா வரணும், வண்டிக்காரனாவா?" என்று தவசி கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மன்னாடிக்கு அதற்குப் பதில் தெரியும், தொண்டைவரை வந்தது, ரெண்டு கவளத்துக்கு மேல் இறங்காத அந்தத் தொண்டையில் ஏறவும் முடியாமல் நின்றுவிட்டது. பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். ராசாமணியை நினைத்துத்தான் தவசி ஏறினான். இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னல் வழியாக ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் எல்லோரும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றிருந்தோம். மாரக்காள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ராசாமணி நடுவீட்டில், நிலைக் கல்யாணத்தன்றுகூட யாரும் உட்காராத அந்த மாப்பிள்ளை இடத்தில், பாய் விரித்துத் தலைவாழை இலை போட்டிருந்தாள். தவசி உள்ளே வந்தான், இலையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், அவள் அழுதுவிடுவாள்போல இருந்ததால் கொஞ்சம் சிரித்தான், அப்புறம் இலையைச் சோற்றோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில், வாசற்படிப் பள்ளத்தில், நிலைக்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். பூவின் கொங்காணிகள் அவன் முழங்கையைத் தொட்டன. ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் இருந்தான். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மன்னாடி தன் தட்டை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, ஊரே பார்க்க, அவன் பக்கத்தில் அந்தப் படிக்கல்லிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குழம்புச் சட்டியை ராசாமணியிடமிருந்து வாங்கி, தன் கையாலேயே அவன் சோற்றில் ஊற்றினார்.

"மாப்ள, எனக்குப் பசிக்குது. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

தவசி சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். பக்கத்து வீட்டில் சுருளி ஏப்பம் விட்டான்.